மட்காட்டில் எழுதியிருந்த நாற்பத்தைந்து

என்னோடு வாய்க்கால்கரைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு இதைச் சொல்கிறேன். உங்களில் பாதிப்பேருக்கு இப்போது முழங்கால் வலி, மீதிப்பேருக்குச் சர்க்கரை. எனக்கு இடுப்பு. ஆறு மாதத்துக்கு முன் கிணற்றடியில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பில் தகடு வைத்துத் தைத்துவிட்டார்கள். இருந்த இடத்திலேயே இருந்து பழையதை நினைப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. நினைத்தால் முதலில் வருவது எங்கள் வான்தான். உங்களுக்கும் அதன் மணம் ஞாபகம் இருக்கும். அது மதகடியில் திரும்பும்போதே குடியேற்றத்துப் பூனைகளெல்லாம் வேலிக்கு வந்துவிடும்.

அது எண்பதாம் ஆண்டு. சிறுபோகத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்தார்கள். எனக்குப் பதினொரு வயது. மல்லாவியிலிருந்து ஆறு மைல் உள்ளே, குளத்துக்குக் கீழே எங்கள் காணி. ஐயாவும் அம்மாவும் வடமராட்சியிலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். மற்றவர்களுடைய வீடுகளில் நாலு ஐந்து பிள்ளைகள் இருக்க, எங்கள் வீட்டில் நான் மட்டும்தான். எனக்குப் பிறகு இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. ஒன்று மூன்றாம் மாதத்திலேயே போய்விட்டது. மற்றது ஆறாம் மாதத்தில், அம்மாவை டிராக்டர்ப் பெட்டியில் வைக்கோல் போட்டுப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வழியில் போனது. அந்த டிராக்டரை ஓட்டியவர் ஐயா.

அதைப்பற்றி வீட்டில் ஒருவரும் கதைப்பதில்லை. ஆனால் அம்மாவுக்கு மறுபடியும் வயிற்றில் தங்கியது என்று தெரிந்த கிழமையே ஐயா ஒரு சோடி எருதை விற்றார். வெள்ளாப்போடு பஸ் ஏறிப் பூநகரிக்குப் போனார். பொழுதுபடுவதற்குள் வானோடு வந்து நின்றார்.

பழைய வான். முன் விளக்கு ஒன்று சற்றே உள்ளே போயிருந்ததால் ஒரு கண்ணைச் சிமிட்டுவது போல இருக்கும். அதை விற்றவர் பூநகரியில் ஒரு மீன் முதலாளி. பத்துப் பன்னிரண்டு வருடம் ஐசும் மீனும் ஏற்றிய வாகனம். ஐயா அதை மூன்று நாள் கழுவினார். சவர்க்காரம், சாம்பல், மஞ்சள் தண்ணீர், கடைசியாகச் சாம்பிராணிப் புகை. நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்து ஏற்றி நசித்தார், முன்னால் செவ்வரத்தம்பூ செருகினார். அதற்குப் பிறகு வான் சாம்பிராணி போட்ட மீன் போல மணத்தது.

"பரவாயில்லை, கோயிலும் கடலும் ஒண்டாப் போற மாதிரிக் கிடக்கு," என்றார் அம்மா. ஓங்காளத்தை அடக்கிக்கொண்டுதான் சொன்னார்.

அந்த வானின் நாலு மட்காட்டிலும், சில்லுக்கு நேர் மேலே, வெள்ளைப் பெயின்றில் 45 என்று எழுதியிருந்தது. டயருக்கு எத்தனை இறாத்தல் காற்று அடிக்க வேண்டும் என்ற கணக்கு அது. அந்தக் காலத்து லொறிகளிலும் பஸ்களிலும் அப்படி எழுதியிருப்பதை நீங்களும் கண்டிருப்பீர்கள். ஐயாவுக்கு அதைக் கண்டதும் வான் மேல் இருந்த மரியாதை இரட்டிப்பானது. மங்கியிருந்த இலக்கங்களுக்கு மேல் தானே புதிதாகப் பெயின்ற் பூசினார்.

ஐயாவின் சுபாவத்தைச் சொல்லவேண்டும். அவர் எழுத்தை நம்புகிறவர். சுண்டல் சுற்றிவந்த கடதாசியையும் விரித்து வாசித்துவிட்டுத்தான் எறிவார். உர மூட்டையில் அச்சடித்திருப்பதைத் தொடக்கம் முதல் முடிவுவரை சத்தமாக வாசிப்பார். மற்றவர்கள் கைக்கணக்கில் உரம் எறிய, அவர் மூட்டையில் சொன்னபடி அளந்து எறிந்தார். அதனால் எங்கள் வயல் நன்றாகவே விளைந்தது. அப்படிப்பட்டவருக்கு மட்காட்டில் எழுதியிருப்பது வேதவாக்கு. சனிக்கிழமைதோறும் கால் பம்மை வைத்துக்கொண்டு ஏறி மிதிப்பார். பேனை போல ஒரு காற்று அளக்கிற குச்சி இருந்தது. வால்வில் வைத்து அழுத்தினால் உள்ளிருந்து இலக்கம் எழுதிய ஒரு ஈர்க்கு வெளியே வரும். அது நாற்பத்தைந்தில் வந்து நிற்கும்வரை மிதிப்பார். பிறகு டயரில் விரலால் சுண்டிப் பார்ப்பார். அது கல்லுப் போலச் சத்தம் போடும். அவருடைய முகம் மலர்ந்துவிடும்.

வானில் முதல்முறையாக அம்மாவைக் கிளினிக்குக்கு ஏற்றிக்கொண்டு போன நாள் இன்னும் என் பல்லில் இருக்கிறது. அந்தச் சரளைக்கல் கிறவல் றோட்டு வரிவரியாக எழும்பிக் கிடந்தது அல்லவா, நாங்கள் சைக்கிளில் போனாலே "ஆ" என்று குரல் நடுங்க வைத்து விளையாடுவோமே, அதே றோட்டுத்தான். வானின் பின்பக்கத்தில் வைக்கோல் பரப்பி அதன்மேல் மெத்தை போட்டு அம்மா படுத்திருந்தார். நான் பக்கத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். ஒவ்வொரு வரிக்கும் வான் துள்ளியது. மெத்தை துள்ளியது. அம்மா இரண்டு கையாலும் வயிற்றை ஏந்திக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தார். ஆஸ்பத்திரியில் இறங்கியபோது அவரால் நிமிர முடியவில்லை.

கிளினிக்கில் இருந்த மருத்துவிச்சியை நாங்கள் மிஸி என்போம். அவர் அம்மாவின் வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு ஐயாவைக் கூப்பிட்டார்.

"அண்ணை, இவாவை எதிலை ஏத்திக்கொண்டு வந்தனீங்கள்?"

"வானிலை. சொந்த வான்," என்றார் ஐயா. அதில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"குலுக்கம் கூடாதெண்டு போனமுறையே சொன்னனான். ரெண்டு பிள்ளை தவறின வயிறு. கிளினிக்குக்கு வராமலும் இருக்கேலாது. நீங்கள்தான் ஏதாவது வழி பாக்கவேணும்."

ஐயா வழி பார்த்தார். வைக்கோலை இரண்டு மடங்காக்கினார். அடுத்தமுறை அதற்கு மேல் உமி நிரப்பிய சாக்குகளைப் போட்டார். வானை மாட்டுவண்டியிலும் மெதுவாக ஓட்டினார். சைக்கிளில் போனவர்கள் எங்களை முந்திக்கொண்டு போனார்கள். மெதுவாகப் போகப் போகக் குலுக்கம் கூடியதே தவிரக் குறையவில்லை. இப்போது நினைத்தால் எனக்கு நெஞ்சு இளகுகிறது. டயரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அந்த மனிதர் மெத்தென்று ஆக்கினார்.

ஒருநாள் திரும்பி வரும்போது அம்மா சொன்னார், "இஞ்சருங்கோ, இந்தச் சில்லு சரியான இறுக்கமாக் கிடக்கு. காத்தைக் கொஞ்சம் குறைச்சா என்ன?"

ஐயா வானை நிறுத்தி இறங்கினார். கதவைத் திறந்து, அம்மாவுக்குத் தெரியும்படி மட்காட்டைக் காட்டினார். "இஞ்சை பாரும். எழுதிக் கிடக்கு."

ஆனி மாதத்தில், மல்லாவிச் சந்திக்குக் கிட்ட, காரை முள் குத்தி ஒரு டயருக்குக் காற்றுப் போனது. சந்தியில் டயர் ஒட்டுகிற கடை ஒன்று இருந்தது. நாலு தடி, மேலே தகரம், முன்னால் தண்ணீர்த் தொட்டி. எழுபத்தேழாம் ஆண்டு இனக்கலவரத்துக்குப் பிறகு தேயிலை மலையிலிருந்து குடும்பத்தோடு வந்தவர் அதை நடத்தினார். எங்கள் ஆட்கள் அவரை டயர்க்காரன் என்பார்கள், கொஞ்சம் மரியாதையானவர்கள் டயர்க்காரர் என்பார்கள். அவர் மனைவி பக்கத்தில் அடுப்பு வைத்துத் தேத்தண்ணி ஊற்றுவார்.

அம்மா அந்த வெயிலில் வானுக்குள் கிடந்ததைக் கண்டதும் அந்தப் பெண் ஒரு வாங்கை இழுத்து நிழலில் போட்டார். இரண்டு கிளாசில் பிளேன்டீ கொண்டுவந்தார். ஐயா, "வேண்டாம், இப்பதான் குடிச்சனாங்கள்," என்றார். அது பொய். காலையிலிருந்து ஒரு சொட்டும் குடிக்கவில்லை. அந்த ஆட்களின் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஏன் என்று நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அம்மா ஐயாவைப் பார்க்காமலே கிளாசை வாங்கி, அடிவரை குடித்துவிட்டு, "நல்லாயிருக்கு தங்கச்சி," என்றார்.

டயர்க்காரர் டியூப்பை ஒட்டிப் பூட்டிவிட்டுக் காற்றடித்தார். கொஞ்சம் அடித்ததும் நிறுத்தினார். ஐயா மட்காட்டைக் காட்டினார்.

"நாப்பத்தஞ்சு. இன்னும் அடியும்."

அவர் மட்காட்டைப் பார்த்தார். பிறகு வானுக்குள் கிடந்த மெத்தையையும், வாங்கில் இருந்த அம்மாவையும் பார்த்தார்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. இத எழுதுனவரு வண்டியில என்னா ஏத்துனாரு?"

"என்ன ஏத்தினா என்ன? வானுக்கு உள்ள காத்து அது."

"வானுக்குன்னு காத்து இல்லீங்க ஐயா. சொமைக்குத்தான் காத்து. நான் தோட்டத்துல லொறி ஓட்டுனவன். அதே லொறியிலதான் கொழுந்தும் ஏத்துவோம், புள்ளத்தாச்சியும் ஏத்துவோம். கொழுந்துக்கு ஒரு காத்து, புள்ளத்தாச்சிக்கு ஒரு காத்து."

"மலையிலை லொறி ஓட்டினது சரி. நீர் உம்மடை வேலையைப் பாரும்," என்றார் ஐயா.

அவர் வேலையைப் பார்த்தார். நாற்பத்தைந்துக்கு அடித்துக் கொடுத்தார். எங்களோடு அவருக்கு ஒரு கோபமும் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்குத்தான் அந்தக் கேள்வி தலைக்குள் நின்றுவிட்டது. எழுதினவர் என்ன ஏற்றினார் என்பதற்குக் குடியேற்றத்துப் பூனைகளே பதில் சொல்லியிருக்கும்.

இனி நான் செய்த வேலை. இதை உங்களில் ஒருவருக்கும் நான் சொன்னதில்லை.

அடுத்த கிளினிக் புதன்கிழமை. அம்மாவுக்கு ஏழாம் மாதம் பிறந்திருந்தது. முதல்நாளே அவர், "நான் நடந்தே போறன்," என்று சொல்லி அழுதார். காலையில் ஐயா வாய்க்கால் கட்டை அடைக்கப் போன நேரம், நான் நெருப்புக்குச்சி ஒன்றை எடுத்துக்கொண்டு வானடிக்குப் போனேன். வால்வுக்குள் குச்சியை வைத்து அழுத்தினால் காற்றுப் போகும் என்று சைக்கிள் வைத்திருந்த உங்களிடம்தான் பழகியிருந்தேன். இடப்பக்கத்து முன் சில்லில் தொடங்கினேன். காற்றுச் சீறிக்கொண்டு வந்தது. மீன் வாடை அதிலும் இருந்ததாக எனக்கு நினைப்பு. எவ்வளவு போக வேண்டும் என்று எனக்கு என்ன தெரியும்? டயரின் அடி நன்றாக அமுங்கும்வரை விட்டேன். குச்சி உடைந்தது. அடுத்த சில்லுக்குப் போவதற்குள் ஐயாவின் செருமல் கேட்டது. ஓடிவந்து குசினிக்குள் நின்றுகொண்டேன். அம்மா அடுப்படியில் இருந்து என்னையும் பார்த்தார், என் கையில் மிச்சமிருந்த பாதிக் குச்சியையும் பார்த்தார்.

ஒரு மைல் போயிருப்போம். மதகு வளைவில் வான் இடப்பக்கமாக இழுத்தது. ஐயா சுக்கானைப் பிடித்து மறுபக்கம் ஒடித்தார். முன் டயர் இரும்பு வளையத்தைவிட்டுக் கழன்று உருண்டு போக, வான் மூக்கைக் குத்திக்கொண்டு ஓரத்துப் பள்ளத்தில் சாய்ந்து நின்றது. அம்மா மெத்தையோடு சறுக்கிப் பக்கத்துத் தகரத்தில் மோதினார்.

அம்மாவை இறக்கி மருதமரத்தடியில் இருத்தினோம். அவர் என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தார். என் கைக்கு மேல் தன் கை. ஐயா முன்னால் குந்தியிருந்து, "அசையுதோ? அசையுதோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அசையவில்லை. வாய்க்காலில் தண்ணீர் ஓடிய சத்தம் மட்டும் கேட்டது. நான் நெருப்புக்குச்சியால் என் தம்பியையோ தங்கச்சியையோ கொன்றுவிட்டேன் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. கும்பிடத் தெரிந்த தெய்வங்களையெல்லாம் கும்பிட்டு முடித்துவிட்டு, தெரியாத தெய்வங்களையும் கும்பிட்டேன். அவ்வளவு பயம் அதற்குப் பிறகு எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. பிறகு பயப்பட எத்தனையோ வந்தது என்று உங்களுக்குத் தெரியும், இருந்தும் சொல்கிறேன்.

நெடுநேரத்துக்குப் பிறகு, என் உள்ளங்கையில் ஒரு சின்ன உதை விழுந்தது.

"அசைஞ்சிட்டுது," என்றேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். ஐயா எழும்பி அப்பால் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். திரும்பி வந்தபோது அவருடைய குரல் வேறாக இருந்தது.

"பாத்தீரே, காத்துக் குறைஞ்சா இப்பிடித்தான் வரும். சனிக்கிழமை நாப்பத்தஞ்சு அடிச்சனான். எப்பிடிக் குறைஞ்சது?"

நான் அம்மாவுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"நான்தான் குறைச்சனான்," என்றார் அம்மா.

ஐயா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா அதுவரை ஐயாவுக்கு எதிராக ஒரு காரியமும் செய்ததில்லை.

"ஏன் என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"சொன்னனான். நீங்கள் மட்காட்டைக் காட்டினீங்கள்."

ஐயா றோட்டுக் கரையில் அப்படியே இருந்துவிட்டார். வானைப் போல அவரும் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் உழவுக்குப் போன டிராக்டர் ஒன்று வந்தது. அதில் ஏறி, டயரையும் தூக்கிப் போட்டுக்கொண்டு சந்திக்குப் போனார். திரும்பி வந்தபோது டயர்க்காரரும் கூட வந்தார். அவர் டயரைப் பூட்டி வானைப் பள்ளத்திலிருந்து எடுத்துத் தந்தார். யார் காற்றைக் குறைத்தது என்றும் கேட்கவில்லை, நான் அப்பவே சொன்னேனே என்றும் சொல்லவில்லை. அந்த இரண்டையும் சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு இப்போது தெரிகிறது.

அன்றைக்கு மிஸி பார்த்துவிட்டு, பிள்ளை சுகமாக இருக்கிறது என்றார். ஆனால் இனி மல்லாவியில் வைத்துப் பார்க்க முடியாது, இரண்டு கிழமைக்குள் வவுனியாப் பெரியாஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிட வேண்டும் என்றார். வவுனியா நாற்பது மைல். மாங்குளம்வரை இதே கிறவல் றோட்டு. ஆறு மைலுக்கே அம்மா பட்ட பாட்டை மூவரும் பார்த்திருந்தோம்.

அன்றைக்குத் திரும்பும் வழியில் ஐயா டயர்க் கடைக்கு முன்னால் வானை நிறுத்தினார். இறங்கிப்போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"நீங்கள் ஒருக்கா வந்து பாக்கவேணும். வவுனியாவுக்குக் கொண்டுபோகவேணும் இவாவை."

அதுவரை அந்த மனிதரை 'நீர்' என்று கூப்பிட்ட வாய் அது. அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அடுப்படியில் நின்ற அவர் மனைவி நிமிர்ந்து பார்த்தார்.

"என்னைக்குப் போறீங்களோ அன்னைக்கு ஏத்துற சொமைய ஏத்திக்கிட்டு வாங்க ஐயா. அம்மா, பாப்பா, மெத்த, தலையணி எல்லாம். வெறும் வண்டியில பாத்துச் சரிவராது. வெண்கட்டி ரெண்டு வேணும்."

வெண்கட்டிக்கு நான் பொறுப்பெடுத்தேன். கணக்கு வாத்தியார் அந்தக் கிழமை கரும்பலகைக்குக் கீழே கையால் தடவித் தடவித் தேடினாரே, அது என் வேலைதான்.

புறப்படுகிற நாளன்று வெள்ளாப்போடு சந்திக்குப் போனோம். நெல் களஞ்சியத்துக்கு முன்னால் நெல் காயவிடுகிற சீமெந்துத் தளம் இருந்தது. வானை அதில் ஏற்றினார்கள். அம்மா மெத்தையில் படுத்திருந்தார். டயர்க்காரர் என்னைக் கூப்பிட்டு, நாலு டயரிலும் ஒரு கரையிலிருந்து மறுகரைவரை குறுக்கே தடிப்பாகக் கோடு போடச் சொன்னார். போட்டுவிட்டு நான் ஓடிப்போய் அம்மாவுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். ஐயா வானைப் பத்து யார் உருட்டினார். எல்லோரும் இறங்கிப் பார்த்தோம். கோட்டின் நடுவில் இரண்டு விரல் அகலம் மட்டும் அழிந்திருந்தது. இரண்டு கரையிலும் வெண்கட்டி அப்படியே இருந்தது.

"பாத்தீங்களா ஐயா? டயரு வயித்துல மட்டும்தான் நிக்குது. அதுதான் துள்ளுது."

ஐயா குனிந்து பார்த்தார். பிறகு குந்தியிருந்து பார்த்தார். காற்றை நாலு இறாத்தல் குறைத்தார்கள். நான் மறுபடியும் கோடு போட்டேன். வான் உருண்டது. அழிந்த இடம் கொஞ்சம் அகலமானது. இன்னும் குறைத்தார்கள். இன்னொரு கோடு. பின் டயர்களை இருபத்துநாலுக்கு இறக்கியபோது கோட்டின் இரண்டு கரையும் அழிந்து நடுவில் வெள்ளை மங்கலாக நின்றது. "இது கொறஞ்சு போச்சு. இப்புடிப் போனா அன்னைக்கு மாதிரிக் கழண்டுக்கும்," என்று சொல்லி இரண்டு இறாத்தல் கூட்டினார். இருபத்தாறில், கோடு ஒரு கரையிலிருந்து மறுகரைவரை ஒரேயடியாக அழிந்தது. முன்னுக்கு இருபத்துநாலு சரியாக வந்தது.

ஐயா சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்தார். "இதை எங்கை எழுதிறது?"

"எழுதாதீங்க ஐயா. நாளைக்கு நெல்லு ஏத்துவீங்க."

ஐயா சிரித்துவிட்டார். அந்த வருடம் அவர் சிரித்து நான் கண்டது அதுதான் முதல்முறை. அந்தப் பெண் பிளேன்டீ கொண்டுவந்தார். ஐயா வாங்கினார், வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, "சீனி காணாது, தங்கச்சி," என்றார். சீனி வந்தது.

"தார் ரோடு ஏறுனா நாலு ராத்தல் கூட்டிக்குங்க. ஓட ஓடச் சூடேறும்," என்று டயர்க்காரர் வான் வெளிக்கிடும்போது கூப்பிட்டுச் சொன்னார்.

கிறவல் றோட்டில் வான் வேறு வாகனமாக இருந்தது. குலுக்கமே இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் துள்ளவில்லை. வரிகளை விழுங்கிவிட்டுப் போனது. சுக்கான் பாரமாக இருக்கிறது என்று ஐயா முன்னால் இருந்து முணுமுணுத்தார். நாலைந்து மைல் போனதும் அம்மா வயிற்றிலிருந்து ஒரு கையை எடுத்தார். பிறகு மற்றக் கையையும் எடுத்தார். கொஞ்ச நேரத்தில் மெல்லிய குறட்டைச் சத்தம் கேட்டது. அம்மா பல நாளாக இரவுகளிலேயே நித்திரை கொள்ளாதவர்.

"என்ன சத்தம் பிள்ளை?" என்று ஐயா பதறிக் கேட்டார்.

"அம்மா நித்திரை."

ஐயாவைக் கண்ணாடியில் பார்த்தேன். தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்துத் துடைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

மாங்குளத்தில் தார் றோட்டு ஏறியதும் வானை நிழலில் நிறுத்தி, கால் பம்மை எடுத்தார். சனிக்கிழமைகளில் வீடே அதிர ஏறி மிதிக்கிற மனிதர். அன்றைக்குச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலால், சத்தம் வராமல், ஒவ்வொரு மிதியாக மிதித்தார். நாலு சில்லுக்கும் நாலு நாலு இறாத்தல். அம்மா எழும்பவேயில்லை. இன்றைக்கும் என்னிடம் யாராவது அன்பு என்றால் என்ன என்று கேட்டால், வெயிலில் தார் சுடச்சுட வெறுங்காலோடு நின்று காற்றடித்த அந்த மனிதர்தான் எனக்கு நினைவில் வருவார்.

புரட்டாதியில் தம்பி பிறந்தான். ஐயா செய்தியைக் கொண்டு குடியேற்றத்துக்கு வந்தபோது முதலில் நிறுத்தியது டயர்க் கடையில். "பொடியன். தாயும் பிள்ளையும் சுகம்," என்றாராம். டயர்க்காரர், "கெளம்புறப்ப பின் டயர்ல எத்தன ராத்தல் இருந்துச்சு?" என்று கேட்டாராம்.

"இருபத்தாறு."

"அப்ப புள்ளைக்கு அந்தப் பேரையே வைங்க ஐயா."

அவனுக்குப் பதிவுப் பெயர் ஒன்று இருக்கிறது. ஆனால் எங்கள் பகுதியில் அவன் இருபத்தாறுதான். ஏன் அப்படிக் கூப்பிடுகிறோம் என்று நீங்களெல்லாம் எத்தனை தரம் கேட்டிருப்பீர்கள். இப்போது பதில் கிடைத்துவிட்டது.

ஐயா அந்த மனிதரின் சொல்லை ஒரு விஷயத்தில் மட்டும் கேட்கவில்லை. எழுதாமல் அவரால் இருக்க முடியவில்லை. பெயின்ற் வாங்கி 45ஐ அழித்தார். பின் மட்காட்டில் 'நெல்லுக்கு 40, ஆக்களுக்கு 26' என்று எழுதினார். முன் மட்காட்டில் அதற்குரிய கணக்கு. வான் பிறகு ஆறேழு வருடம் ஓடியது. கடைசியில் வேலியோரம் நின்று, கோழிகள் அதற்குள் முட்டையிட, எண்பத்தெட்டில் இரும்புக்குப் போனது. அந்த மட்காட்டையாவது வெட்டி வைத்திருக்கலாம் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. காற்று அளக்கிற குச்சியை ஐயா பேனையோடு சேர்த்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு திரிந்தார். அதுவும் யுத்தத்தில் ஓடிய ஓட்டங்களில் எங்கோ விழுந்தது.

டயர்க்காரர் குடும்பம் நாலைந்து வருடத்தில் சந்தியை விட்டுப் போய்விட்டது. வவுனியாப் பக்கம் காணி கிடைத்ததாகச் சொன்னார்கள். பிறகு தேடினோம், கிடைக்கவில்லை. தேடுவதற்குப் பெயர் வேண்டுமே. எங்கள் தம்பிக்குப் பெயர் சொன்ன மனிதரிடம், அவருடைய பெயரை எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்டு வைக்கவில்லை. இது எங்களுக்கு வெட்கம், அதை மறைக்காமல் எழுதிவைக்கிறேன். அவர் எங்கே இருந்தாலும், அவர் பிள்ளைகள் எங்கே இருந்தாலும், நன்றாக இருக்கட்டும்.

நெருப்புக்குச்சிக் கதையையும் முடித்துவிடுகிறேன். அம்மா தவறி எட்டாம் நாள், நான் ஐயாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "கொம்மாவுக்கு வால்வு எது எண்டே தெரியாது, பிள்ளை. அண்டைக்கே வால்வுக்குள்ளை அரைக்குச்சி கிடந்தது," என்றார். பதினைந்து வருடமாக அதை வைத்திருந்திருக்கிறார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாக என்னைக் காப்பாற்றியிருக்கிறார்கள், நான் அறியாமலே.

போன கிழமை இடுப்புக்குப் படம் எடுக்க வவுனியாவுக்குப் போக வேண்டியிருந்தது. தம்பி தன்னுடைய வானைக் கொண்டுவந்தான். கடைக்குச் சாமான் ஏற்றுகிற வான். நான் கைத்தடியை ஊன்றி ஒவ்வொரு அடியாகப் படலைவரை வந்தேன். வான் நிற்கிறது, ஆளைக் காணவில்லை. பின் சில்லடியில் காற்றுச் சீறுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், நரைத்த தலையோடு குந்தியிருந்து அளந்துகொண்டிருந்தான்.

"என்னடா செய்யிறாய்?"

"நேற்றுச் சீமெந்து ஏத்தினனான் அக்கா. அந்தக் காத்தோடை உங்களை ஏத்தேலாது. கொஞ்சம் பொறுங்கோ, இன்னும் ஒரு சில்லுத்தான் கிடக்கு."

நான் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இடுப்பு நொந்தது, ஆனால் அவனை அவசரப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. அவன் நாலாவது சில்லையும் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து என்னை ஏற்றினான்.

மாங்குளம் வருவதற்கு முன்னமே நான் குறட்டைவிட்டு நித்திரையாகிவிட்டேனாம். பிறகு அவன்தான் சொன்னான்.